லாண்டரிக்காரருக்காக ஜெபியுங்கள்

மாதக் கடைசி நெருங்கினால் அவசரம் காலண்டர் பக்கம் திரும்பவே மாட்டான்.

அவசரம் என்பது அவனுடைய பேர் இல்லை, அக்கா வைத்த பட்டம். எதையும் முழுசாகக் கேட்காமல் கிளம்பிவிடுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கன்வென்ஷன் பந்தலில், மேடையில் நின்ற பிரசங்கியார் "ஊழியத்துக்காகத் தூரமாய்ப் போக யார் யார்..." என்று ஒரு இழுப்பு இழுத்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவன் எழுந்து நின்றாயிற்று. அத்தனை கூட்டத்தில் முதல் ஆள். அப்போது அவன் செல்போன் ரிப்பேர் கடையில் திருப்புளியும் கையுமாக இருந்தவன்.

"யார் யாருக்குச் சாப்பாடு வேணாம்னு கேட்டிருந்தாலும் நீ எழுந்து நின்னிருப்பே," என்றாள் அக்கா, அன்று வீடு திரும்பும் வழியில்.

கிண்டல் கிண்டல்தான். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியதே, அது நிஜம். அதை மட்டும் அவன் இன்றுவரை சந்தேகப்பட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறான்.

பயிற்சிப் பள்ளியில் ஒரு வருடம். அங்கே அவனுக்கு உயிரான பாடம் ஆதி மிஷனரிகள். திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தே கப்பல் ஏறியவர்கள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே இலக்கணம் எழுதியவர்கள், காலையில் பிள்ளையைப் புதைத்துவிட்டு மாலையில் அடுத்த கிராமத்துக்கு நடந்தவர்கள். இரண்டு நோட்டு நிறையக் குறிப்பெடுத்தான். அதன் பிறகு மிஷன் அவனை இந்த ஊருக்கு அனுப்பியது. கப்பல் இல்லை, ஒரு பகல் ஒரு இரவு பஸ். காய்ச்சல் இல்லை. சிங்கம் புலி இல்லை. வீட்டு வாசலில் யாரும் கல்லெறியவில்லை. இந்த ஊர் அவனுக்குச் செய்தது ஒன்றே ஒன்றுதான்: அவனைக் கண்டுகொள்ளவில்லை.

கைப்பிரதியை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், நன்றி என்பார்கள், மழை வந்தால் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவனுடைய அறையில் ஆராதனை. அறை என்றால் ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒன்பது மணிக்குச் சட்டையை டக்-இன் செய்துகொண்டு எழுந்து நிற்பான். பாட்டை அவனே அறிவிப்பான், அவனே பாடுவான், உச்சஸ்தாயியில் அவனே திணறுவான். "எல்லாரும் உட்காருவோம்" என்று சொல்லி அவன் உட்காருவான். இருபது நிமிடம் பிரசங்கம். ஒருமுறை பிரசங்கத்தின் நடுவில் அவனுக்கே கொட்டாவி வந்துவிட்டது. யாரிடம் கோபித்துக்கொள்வது?

இதில் மாதா மாதம் அறிக்கை வேறு. மிஷன் அனுப்பும் தாளில் ஐந்து கட்டம் இருக்கும். சந்தித்தவர்கள், கொடுத்த கைப்பிரதிகள், ஆர்வம் காட்டியவர்கள், தீர்மானம் எடுத்தவர்கள், ஜெபக் குறிப்புகள். முதல் இரண்டு கட்டம் சுலபமாக நிரம்பும். மூன்றாவதும் நான்காவதும் பதினாறு மாதமாகக் காலி. ஐந்தாவதில் "பணித்தளத்தின் இருள் நீங்க" என்று எழுதி எழுதி அவனுக்கே சலித்துவிட்டது. உண்மையில் தெருவில் வெளிச்சத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

இந்த அறைக்குக் கீழேதான் லாண்டரி.

லாண்டரிக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. கட்டிடம் அவருடையது, மாடி அறைக்கு வாடகை வாங்குகிறவரும் அவரே. லாட்ஜுகளில் இருந்தும் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்பு வரும். துவைக்க ஒரு பெரிய மிஷின், உலர்த்த ஒரு மிஷின், பின்னறையில் இஸ்திரி மேஜை, அதன் பக்கத்தில் எண்கள் அழிந்துபோன பழைய டெலிபோன். கூட ஆள் கிடையாது. மனைவி இருந்தவரை விரிப்பு மடிக்க மனைவி. மனைவி போய் நாலு வருடமாக ஒரு முனையைச் சுவரில் அடித்த கொக்கியில் மாட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்து ஒற்றை ஆளாக மடித்துக்கொண்டிருந்தார்.

வந்த இரண்டாவது வாரமே அவசரம் இதைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் போய்க் கொக்கியில் இருந்து விரிப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"நான் உன்னைக் கூப்பிட்டேனா?" என்றார் அவர்.

"இல்லைங்க ஐயா."

"ஐயான்னா எனக்குச் செத்துப்போன என் அப்பா ஞாபகம் வருது. மாமான்னு சொல்லு. இழுத்துப் பிடி. இப்படியா பிடிப்பாங்க, எலி வாலைப் பிடிச்ச மாதிரி."

அன்றிலிருந்து தினமும் காலை ஏழில் இருந்து எட்டு வரை விரிப்பு மடிப்பதுதான் அவனுடைய நாளில் ஒரு மனிதக் குரல் கேட்கும் நேரம். அவருக்கும் அப்படித்தான் என்று அவனுக்குத் தோன்றும். இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். திரும்பப் பின்னால் போய், மறுபடி நடந்து வருவார்கள். ஒரு விரிப்புக்கு மூன்று நடை.

"என்ன பாதிரி, நேத்து எத்தனை மீன் மாட்டுச்சு?"

"வலைய அலசிட்டு இருக்கேன் மாமா."

"பதினாறு மாசமாவா? உன் வலைய எங்கிட்ட குடு, ஒரே ஈடுல அலசித் தர்றேன்."

அவன் சுவிசேஷம் சொல்லாமல் இல்லை. சொல்வான். அவர் குறுக்கே பேசாமல் கேட்பார். கேட்டு முடித்ததும், "நல்லாத்தான் சொல்றே. அந்தப் பக்கம் சுருக்கம் விழுது பாரு," என்பார்.

ஒருநாள் காலை, ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றை உதறி உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்த வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அவர் குரல் வந்தது.

"எனக்கு ஒரு பையன் இருக்கான், தெரியுமா?"

"தெரியாது மாமா."

"யாருக்கும் தெரியாது. குளிர்சாதன மிஷின் கம்பெனியில வேலை. அவங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ அவன் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம். லீவு போட்டா வேலை போயிடுமோன்னு நான் சொல்லல. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். சொன்னப்போ அவ இல்ல."

விரிப்பு அப்படியே நின்றது. இறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை.

"வந்தான். காரியம் முடியிற வரைக்கும் இருந்தான். போறப்போ, 'இனிமே நீங்க எதுவும் சொல்ல வேணாம்ப்பா'ன்னுட்டுப் போனான். நாலு வருஷம். நம்பரை மாத்திட்டான்." பையன் பேரையும் கம்பெனி பேரையும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

பிறகு துணி தாழ்ந்தது. அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டார். உலர்த்தும் மிஷினைத் திறந்துவைத்திருந்ததில் கடையெல்லாம் ஆவி.

"சரி, நட. எட்டு மணிக்கு வண்டி வந்துரும்."

அந்த மாதக் கடைசியில் அவசரம் தாளை விரித்து உட்கார்ந்தான். மூன்றாவது கட்டம் அவனைப் பார்த்தது. மிஷன் ஒருங்கிணைப்பாளர் போன வாரம்தான் போனில் சொல்லியிருந்தார்: "பிரதர், மத்த பணித்தளத்துல இருந்தெல்லாம் சாட்சி வருது. உங்க சபையில உங்களுக்காக ஜெபிக்கிறவங்க சோர்ந்து போயிடக் கூடாது இல்லையா? ஒரு ஆளையாவது அவங்க கண்ணு முன்னால நிறுத்துங்க."

நிறுத்தினான். பேனா ஓடியது. பதினாறு மாதம் அடைத்துக்கிடந்த குழாய் திறந்துகொண்டது போல ஓடியது. கடைக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், மகனுக்கு உண்மையைச் சொல்லாமல் மறைத்ததால் மகனையும் இழந்தவர், மகன் இன்ன பேர், இன்ன கம்பெனியில் வேலை, தன் தவறை அடியேனிடத்தில் கண்ணீரோடு அறிக்கையிட்டார், துக்கத்தால் உழப்பட்ட இந்த நிலம் விதைக்கு ஆயத்தமாயிருக்கிறது, இவருடைய இருதயம் முற்றிலும் உடையும்படி பாரத்தோடு ஜெபியுங்கள். கூடவே ஒரு போட்டோ: கடை வாசலில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான், தலைக்கு மேல் பேர்ப்பலகை, அதில் முகவரி, டெலிபோன் நம்பர் எல்லாம்.

கண்ணீர் என்று எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. ஆவியா, கண்ணீரா? கண்ணீராகத்தான் இருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டு மேலே எழுதினான். மூன்றாவது கட்டத்தில் ஒன்று என்று போட்டான். ஒன்றுக்கு எவ்வளவு அழகான வடிவம் என்று நினைத்துக்கொண்டான்.

"அருமை பிரதர், அருமை," என்று போனிலேயே ஸ்தோத்திரம் செலுத்தினார் ஒருங்கிணைப்பாளர். "சபைப் பத்திரிகையில முதல் பக்கம்."

ஐந்து வாரம் கழித்துத் தபால்காரர் ஒரு பார்சலைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். லாண்டரிக்காரர் பேருக்கு வந்தது. அவசரம் அப்போது தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அனுப்பியது யார் என்று பார்த்ததும் அவனுக்குக் கையில் இருந்த எண்ணிக்கை தப்பியது. அவனுடைய சபையின் ஞாயிறு பள்ளி. ஜெபக் குறிப்பில் வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் வாழ்த்து அட்டை செய்து அனுப்புவது அந்தச் சபையின் பழக்கம். சின்ன வயதில் அவனே ஆஸ்பத்திரியில் கிடந்த யாருக்கோ ஒரு மாட்டின் படம் வரைந்து அனுப்பியிருக்கிறான். அதெல்லாம் சபைக்குள்ளேயே இருந்தவர்களுக்கு. தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு.

முப்பத்திரண்டு அட்டைகள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் சிரித்தார்.

"வாஷிங் மிஷின் வரையச் சொன்னா டிவி வரைஞ்சு உள்ள மீனை விட்டிருக்கு பாரு ஒரு பிள்ளை. யாருப்பா இவங்கெல்லாம், உன் ஆளுங்களா?"

"மாமா, அதை இங்க குடுங்க. நான் அப்புறமா..."

"இரு இரு. 'லாண்டரி மாமா, உங்க மனைவி இறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டோம்.' சரி. 'உங்க மகன் உங்களை மன்னிக்கணும்னு நாங்க ஜெபிக்கிறோம்.'"

அடுத்த அட்டையை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். சிரிப்பு எந்த அட்டையில் நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில், மடித்து வைத்திருந்த பத்திரிகைப் பக்கம். தன் கடையின் பேர்ப்பலகையைப் பார்த்தார். அப்புறம் எழுத்தைப் படித்தார். மெதுவாகப் படிக்கிறவர், உதடு அசையும். இரண்டு முறை படித்தார்.

"நான் எங்கே அழுதேன்ப்பா?"

அவன் எண்ணி வைத்த உறைகளையே பார்த்தான்.

"ஆவிப்பா அது. முப்பது வருஷமா இந்தக் கடையில என் மூஞ்சி ஈரமாத்தான் இருக்கு."

அட்டைகளை விளிம்பு தட்டி அடுக்கினார், விரிப்பு அடுக்குவது போலவே. பார்சலுக்குள் வைத்தார். அவன் கையில் கொடுத்தார்.

"மேல போ," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் கீழே வந்தபோது விரிப்பு கொக்கியில் மாட்டியிருந்தது. அவர் மறுமுனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார், அவன் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. அவன் பத்து நிமிடம் வாசலில் நின்றுவிட்டு, கைப்பிரதிப் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான். அந்த வாரம் முழுக்க அவனிடம் பேசியவர்கள் மூன்று பேர். பஸ்ஸில் "நகருங்க" என்றவர், மருந்துக் கடையில் "சில்லறை இல்லையா" என்றவர், ராங் நம்பர் ஒருவர். ராங் நம்பர்காரரை அவன் இரண்டு நிமிடம் பிடித்துவைத்துக்கொண்டான்.

ஒன்பதாவது நாள் மாடிப்படியில் அவர் நின்றிருந்தார். வழியை விடாமல் நின்றார்.

"நேத்து கடைக்கு ஒரு போன் வந்துச்சு. என் பையன்."

அவசரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. மலரக் கூடாது என்று தோன்றுவதற்குள் மலர்ந்துவிட்டது.

"சிரிக்காதே. உங்க ஊர்ல ஒரு அம்மா, ஜெபக்குழுவாம். அந்தம்மாவோட கொழுந்தன் அதே கம்பெனியில வேற கிளையில இருக்கானாம். அவன் மூலமா நம்பரைப் பிடிச்சு, பையனுக்குப் போன் போட்டு, 'அப்பாவை மன்னிச்சிடு தம்பி, அவரு அழுதுட்டு இருக்காரு'ன்னு சொல்லியிருக்காங்க. அவன் எனக்குப் போன் போட்டு, 'ஊரெல்லாம் ஆள் வச்சுப் பேசுறீங்களா, இன்னொரு தடவை யாராச்சும் கூப்பிட்டா நடக்கிறதே வேற'ன்னுட்டு வச்சுட்டான்."

அவர் கைப்பிடியை ஒருமுறை தடவினார்.

"நாலு வருஷத்துக்கு அப்புறம் அவன் குரலைக் கேட்டேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. குரல் கொஞ்சம் கனத்திருக்கு."

"மாமா, நான் என்ன செய்யணும் சொல்லுங்க. நான் போய் அவரை நேர்ல பார்த்து..."

"ஒண்ணும் செய்யாதே. அது ஒண்ணுதான் உங்க ஆளுங்களுக்கு வராத வேலை." இறங்கப் போனவர் திரும்பினார். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாம கெடுத்தேன். நீ சொல்லக் கூடாததைச் சொல்லிக் கெடுத்தே. நல்ல ஜோடிதான் போ."

அன்று பகல் முழுக்க அவன் வெளியே போகவில்லை. ஆதி மிஷனரிகள் நோட்டை எடுத்துப் புரட்டினான். பயந்தபோதெல்லாம் அவன் புரட்டுவது அதைத்தான். இந்த முறை அவன் கண் வீரர்களைத் தாண்டி அவர்களுடைய அறிக்கைகளில் போய் நின்றது. "கல் நெஞ்சனான ஒரு குயவன்." "மூடப் பழக்கத்தில் ஊறிய ஒரு கிழவி." "மனந்திரும்பும் தறுவாயில் உள்ள ஒரு குடிகாரன்." எத்தனை பேர். ஒருவருக்கும் தெரியாது, தாங்கள் எங்கோ அச்சாகி, யாரோ வாசித்து உருகினார்கள் என்று. அந்தக் குயவனுக்கு எழுத்து தெரிந்திருந்தால்? பார்சல் அவன் வீட்டுக்கு வந்திருந்தால்? இரண்டு நோட்டு எழுதியவனுக்கு இப்படி ஒரு கேள்வி அதுவரை வந்ததே இல்லை. உயிரைக் கொடுத்தவர்கள் என்றுதான் படித்தான். அவர்களும் தன்னைப் போல மாதக் கடைசிக்குப் பயந்தவர்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாவது நோட்டில் ஒரு ஓரமாக ஒரு பெண் மிஷனரி இருந்தார். பிரசவம் பார்த்தவர். பதினோரு வருடம் ஒரே ஊரில். அவருடைய அறிக்கைகளில் "வீடுகளுக்குப் போனேன், வந்தேன்" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. வகுப்பில் அவருக்கு "போனேன்-வந்தேன் அம்மா" என்றே பேர் வைத்துச் சிரித்தார்கள், சிரித்ததில் இவன் சத்தம்தான் பெரிது. அறிக்கை எப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணமாக ஆசிரியர் அவரைச் சொன்னார். விவரம் கேட்டு மிஷனரிச் சங்கம் எழுதிய கடிதத்துக்கு அந்த அம்மா போட்ட பதிலையும் அவனே ஒரு வரியில் குறித்துவைத்திருந்தான்: அவர்கள் சொன்னது என்னிடம், உங்களிடம் அல்ல. அதற்குப் பக்கத்தில், பரீட்சைக்காக, இவன் கையெழுத்தில்: பலன் தெரியவில்லை.

அவன் வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தான். பிரசவ அறைகளில் கேட்டதையெல்லாம் பதினோரு வருடம் வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளுக்கு யாரிருந்தார்கள், பேச?

சாயங்காலம் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டான். இந்த ஞாயிறு சபையோடு போனில் பேச வேண்டும் என்றான்.

"சாட்சியா பிரதர்?"

"தப்பை அறிக்கையிடணும் பிரதர்."

விஷயத்தை அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். முப்பது ஊழியக்காரர்களின் சுகதுக்கத்தைத் தலையில் சுமக்கிறவர். "உங்க மனசு புரியுது. ஆனா ஒண்ணு சொல்லுங்க, ஆள் தெரியாம ஜனங்க எப்படிப் பாரத்தோட ஜெபிப்பாங்க? நானும் ஒரு காலத்துல யாரோ ஒருத்தர் ஜெபக் குறிப்புல இருந்தவன்தான்."

"உங்ககிட்ட கேட்டுட்டு எழுதினாங்களா பிரதர்?"

"கேட்டாங்க," என்றார் அவர், யோசித்துவிட்டு. "கேட்டாங்க, ஆமா."

"நான் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவன் தன் அறையில், டக்-இன் செய்த சட்டையோடு, சுவரைப் பார்த்து நின்றான். அவர் அழவில்லை, அழுததாக எழுதியது பொய் என்றான். அவர் சொன்னது எனக்குச் சொன்னது, அதை உங்களுக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்றான். இனி யாரும் எழுத வேண்டாம், கூப்பிட வேண்டாம் என்றான். முடித்துவிட்டுக் காத்திருந்தான். மின்விசிறிச் சத்தம் கேட்டது, ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஆமென் வரவில்லை. பிறகு பாஸ்டர் பாட்டு நம்பரைச் சொன்னார், லைன் அறுந்தது.

இரண்டு நாளில் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். கமிட்டி கூடுகிறது, இந்தப் பணித்தளத்தைத் தொடர்வதா, அவனைத் திரும்பக் கூப்பிடுவதா என்று மாதக் கடைசியில் முடிவெடுக்கும் என்றார்.

அவன் இறங்கிப் போனான். லாண்டரிக்காரர் கொக்கியில் இருந்து ஒரு விரிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, சபையில சொல்லிட்டேன். நீங்க அழலேன்னு. இனிமே யாரும் உங்க விஷயத்துல வரக் கூடாதுன்னு."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஆனா இப்படிச் சொன்னதுக்காக இப்ப எனக்காக ஒரு ஜெபம் நடக்குதுன்னு நினைக்கிறேன்."

அவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பின் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போன சத்தம். விரிப்பை மேஜையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அவன் போகலாமா என்று பார்த்தான்.

"அந்தம்மாகிட்ட அவன் நம்பர் இருக்கும் இல்ல?"

"இருக்கும் மாமா."

"நம்ம போன்ல நம்பர் விழாது. பழசு." மேஜை விளிம்பைப் பார்த்துப் பேசினார். "கூப்பிடுவேன்னு இல்ல. சும்மா, இருக்கட்டுமேன்னு. கேட்டுத் தர முடியுமா?"

அவரிடம் ஒரு பொருளை இரவல் கேட்கிறவனின் முகம் இருந்தது. இப்படி ஒரு முகத்தை அவன் எழுதியிருக்கக் கூடும், ஒரு மாதத்துக்கு முன்னால்.

பையனுக்குப் போன் போட்ட ஜெபக்குழு அக்கா முதல் மணியிலேயே எடுத்தார். நம்பரை உடனே சொன்னார், இரண்டு தடவை சொன்னார். "நல்லது நினைச்சுத்தான் தம்பி செஞ்சேன். கொழுந்தன் அதே கம்பெனின்னதும் கர்த்தரே வழி திறந்த மாதிரி இருந்துச்சு. மூணு நாள் சாப்பிடாம இருந்து ஜெபிச்சிட்டுத்தான் கூப்பிட்டேன்."

"தப்பு எம்மேலதான் அக்கா. எழுதினவன் நான்."

"அப்பாவும் பிள்ளையும் பேசிட்டா எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

எனக்கு மட்டும். அவனும் அப்படித்தான் கேட்கிறவன், அப்படித்தான் சொல்கிறவன். "சொல்ல மாட்டேன் அக்கா. பேசினாலும் சொல்ல மாட்டேன். பேசலேன்னாலும் சொல்ல மாட்டேன்."

"சரிப்பா," என்றார் அந்த அக்கா. "ஜெபிக்கலாமா? அதுவும் கூடாதா?"

"பேர் இல்லாம ஜெபிங்க அக்கா. கர்த்தருக்குத் தெரியும், நமக்குத் தெரிய வேணாம்."

நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு நாள் போனது, நாலு நாள் போனது. அவன் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்காமல் இருப்பது பல்வலியைப் பொறுப்பது போல இருந்தது. ஆறாவது நாள் காலை அவன் வாசலில் நின்றபோது, "அந்த உறையெல்லாம் எண்ணி வை," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். மடிக்கக் கூப்பிடவில்லை. எண்ணத்தான் கூப்பிட்டார். அவன் எண்ணினான்.

மாதத்தின் கடைசி நாள் காலை, எட்டு மணி வண்டி போன பிறகு, லாண்டரிக்காரர் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"கடையைக் கொஞ்சம் பாத்துக்கோ," என்றார்.

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கதவு என்றால் பலகை, ஒரு தும்மல்கூடத் தாங்காது. டெலிபோன் சக்கரம் சுற்றும் சத்தம் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டது. அவசரம் உறைகளின் நடுவில் அசையாமல் நின்றான். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "அப்பாதான்," என்ற குரல்.

அதே நேரம் அவன் பையில் போன் அதிர்ந்தது. ஒருங்கிணைப்பாளர்.

"பிரதர், கமிட்டி உள்ள உட்கார்ந்தாச்சு. நான் வெளிய வந்து பேசுறேன். நீங்க அங்கேயே இருக்கணும்னு எனக்கு ஆசை. அந்த லாண்டரிக்காரர் விஷயம், அப்பாவும் மகனும்... ஏதாச்சும் நடந்துச்சா? ஒரே ஒரு வரி குடுங்க. பேர் வேணாம், ஊர் வேணாம். மீதியை நான் பாத்துக்கிறேன்."

பலகைக்கு அந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரல், இடையிடையே நின்று நின்று வந்தது. வார்த்தை பிடிபட இன்னும் ஒரு அடி கிட்டே போனால் போதும். அவனுடைய கால் அந்த ஒரு அடியை எடுத்தும்விட்டது. குரல் உடைந்தது. சிரிப்பா, அழுகையா, இருமலா, தெரியவில்லை.

அவசரம் திரும்பினான். உலர்த்தும் மிஷினின் கதவை மூடி, உள்ளே ஒன்றும் இல்லாமலே ஓடவிட்டான். கடை முழுக்க அந்த உறுமல் நிறைந்தது. பின்னறை காணாமல் போயிற்று.

"பிரதர்? ஹலோ? என்ன சத்தம் அது?"

"மிஷின் பிரதர்," என்றான், சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி. "எழுதறதுக்கு ஒரு வரியும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்கு முடிவு பண்ணிடுவாங்க."

"தெரியும் பிரதர்."

போனைப் பைக்குள் வைத்தான். வாசலில் லாட்ஜில் வேலை செய்யும் பெண் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நின்று, முதலாளி எங்கே என்று கையால் கேட்டாள். அவன் மூட்டையை வாங்கித் தராசில் வைத்தான். முள் ஆடி நிற்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடையைச் சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்தான்.